பிரபுவின் வாரிசு தேர்தலில் நிற்கலாமா? பிரிட்டனின் காமன்ஸ் சபை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டன் நாடாளுமன்றத்தில் இரண்டு அவைகள். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது காமன்ஸ் சபை. பிரபுக்கள் சபைக்குத் தேர்தல் கிடையாது. நூற்றாண்டுக் கணக்கில் அங்கே பெரும்பாலோர் அப்பாவுக்குப் பின் மகன் என்று பட்டத்தோடு இடத்தையும் பெற்றவர்கள். பிரபுவாக இருப்பவர் காமன்ஸ் சபையில் உட்கார முடியாது என்பது பழைய விதி. அப்படியானால் நாளைக்குப் பிரபுவாகப் போகிற மகனின் நிலை என்ன? வரலாறு படிக்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான். அவர்கள் கேட்டவற்றையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

பிரபு வீட்டு மூத்த மகன் காமன்ஸ் சபைக்குப் போட்டியிட முடியுமா?

முடியும். இங்கிலாந்தில் 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே முடிந்திருக்கிறது. ஆங்கிலச் சட்டத்தில் பிரபு என்பது பட்டத்தை வைத்திருக்கும் அந்த ஒரு ஆள் மட்டும்தான். அவருடைய மனைவி, மகன், மகள், தம்பி எல்லோரும் சட்டத்தின் கண்ணில் சாதாரணக் குடிமக்கள். புரட்சிக்கு முந்தைய பிரான்சில் குடும்பம் முழுக்கப் பிரபு வர்க்கமாகக் கருதப்பட்டது. இங்கிலாந்தில் அப்படி இல்லை. அப்பா உயிரோடு இருக்கும் வரை மூத்த மகனும் வாக்குப் போடலாம், தேர்தலில் நிற்கலாம், வென்றால் அமைச்சராகலாம், பிரதமரும் ஆகலாம்.

ஆனால் பெயருக்கு முன்னால் ‘லார்டு’ போட்டுக்கொள்கிறார்களே?

குழப்பம் தொடங்குவதே இங்கேதான். டியூக், மார்க்வெஸ், ஏர்ல் ஆகிய மூன்று உயர் நிலைப் பிரபுக்களுக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டங்கள் இருக்கும். அவற்றில் கீழே உள்ள ஒன்றை மூத்த மகன் மரியாதைக்காக வைத்துக்கொள்வது வழக்கம். டெவன்ஷயர் டியூக்கின் மூத்த மகன் ஹார்ட்டிங்டன் மார்க்வெஸ், கில்ஃபோர்டு ஏர்லின் மூத்த மகன் லார்டு நார்த் என்று இப்படியே போகும். இது அழைக்கிற மரியாதை மட்டுமே. பிரபுக்கள் சபையில் உட்கார இதனால் எந்த உரிமையும் வராது.

லார்டு நார்த் 1770 முதல் 1782 வரை பிரதமர். அமெரிக்கக் குடியேற்றங்கள் கைவிட்டுப் போன காலம் அது. அந்த ஆண்டுகள் முழுக்க அவர் காமன்ஸ் சபையில்தான் இருந்தார். அப்பாவின் பட்டம் அவருக்கு வந்தது 1790-ல்.

இந்த உரிமை எப்போது உறுதியானது?

1550 ஜனவரியில். ஜான் ரஸ்ஸல் என்பவர் பெட்ஃபோர்டு ஏர்ல் ஆக்கப்பட்டபோது அவருடைய மகன் ஃபிரான்சிஸ் ரஸ்ஸல் காமன்ஸ் சபையில் உறுப்பினராக இருந்தார். இனி அவர் அங்கே இருக்கலாமா என்ற கேள்வி வந்தது. முன்பு இருந்த நிலையிலேயே அவர் தொடரலாம் என்று சபை முடிவெடுத்துத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தது. அதற்குப் பிறகு இங்கிலாந்துத் தொகுதிகளைப் பொறுத்தவரை இதில் பெரிய சண்டை ஏதும் வரவில்லை.

ஸ்காட்லாந்திலும் இதே விதிதானா?

இல்லை. அங்கே நேர் எதிர். ஸ்காட்லாந்தின் பழைய நாடாளுமன்றம் ஒரே அவை கொண்டது. பிரபுக்களும் மாவட்டப் பிரதிநிதிகளும் நகரப் பிரதிநிதிகளும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தார்கள். பிரபுக்களின் மூத்த மகன்கள் மாவட்டப் பிரதிநிதிகளாகவும் நுழைந்துவிட்டால் ஒரே குடும்பம் இரண்டு வழியில் வாக்குப் போடும். அதனால் மூத்த மகன்களுக்குத் தடை இருந்தது. என் பார்வையில் அது நியாயமான பயம்தான்.

1707-ல் இரண்டு நாடாளுமன்றங்களும் ஒன்றாயின. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அபர்தீன் ஏர்லின் வாரிசான லார்டு ஹாடோவும் ஆனண்டேல் மார்க்வெஸின் வாரிசான லார்டு ஜான்ஸ்டனும் ஸ்காட்லாந்துத் தொகுதிகளில் வென்று வந்தார்கள். பழைய ஸ்காட்டிஷ் விதி இன்னும் செல்லும் என்று 1708 டிசம்பரில் காமன்ஸ் சபை முடிவு செய்தது. இருவருக்கும் இடம் போயிற்று. ஒரே கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்த காலம் முடிந்துவிட்டதே, அப்புறம் தடைக்கு என்ன காரணம் மிச்சம் இருந்தது? காரணம் போன பிறகும் விதி மட்டும் நின்றது.

இதன் விளைவு விசித்திரமானது. ஸ்காட்டிஷ் பிரபுவின் மூத்த மகன் சொந்த மாவட்டத்தில் நிற்க முடியாது, வாக்கும் போட முடியாது. ஆனால் எல்லையைத் தாண்டி ஏதாவது ஓர் இங்கிலாந்துத் தொகுதிக்கு நிற்கத் தடை இல்லை. செல்கர்க் ஏர்லின் வாரிசான லார்டு டேயர் 1790-களின் தொடக்கத்தில் தன் வாக்குரிமைக்காக நீதிமன்றம் போனார். அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை வழக்கு நடந்தது. தோற்றார். கடைசியில் 1832-ன் சீர்திருத்தச் சட்டம்தான் அந்தத் தடையை நீக்கியது. நூறு ஆண்டு கழித்து, 1931-ல், ஹோம் ஏர்லின் வாரிசு லார்டு டங்லஸ் என்ற பெயரில் ஸ்காட்லாந்தின் லானார்க் தொகுதியில் வென்று சபைக்குள் வந்தபோது யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. அவரைப் பிறகு மறுபடி சந்திப்போம்.

அயர்லாந்துப் பிரபுக்கள்?

அவர்களுக்குத் தனி ஏற்பாடு. 1800-ன் இணைப்புச் சட்டப்படி அயர்லாந்துப் பிரபுக்கள் தங்களுக்குள் 28 பேரைத் தேர்ந்தெடுத்து லண்டன் பிரபுக்கள் சபைக்கு அனுப்புவார்கள். அந்த 28-க்குள் வராத அயர்லாந்துப் பிரபு, வாரிசு மட்டுமல்ல, பட்டம் வந்த பிரபுவே கூட, கிரேட் பிரிட்டனில் உள்ள தொகுதியில் காமன்ஸ் சபைக்கு நிற்கலாம். அயர்லாந்துத் தொகுதியில் நிற்கக் கூடாது. பாமர்ஸ்டன் இப்படித்தான், ஏர்லுக்கு அடுத்த படியான வைகவுண்ட் பட்டத்தோடு, 1807 முதல் 1865-ல் சாகும் வரை காமன்ஸ் சபையில் இருந்து இரண்டு முறை பிரதமரானார்.

வெளியுறவு அமைச்சர் காஸல்ரீயின் கதை இன்னும் தெளிவாக விளக்கும். அவர் லண்டன்டெர்ரி மார்க்வெஸின் மகன், அயர்லாந்தின் டவுன் தொகுதி உறுப்பினர். 1821-ல் அப்பா இறந்து பட்டம் கைக்கு வந்ததும் டவுன் தொகுதி போய்விட்டது. ஆனால் இங்கிலாந்தின் ஆர்ஃபோர்டு தொகுதி வழியாக அதே சபைக்குத் திரும்பினார்.

வாரிசு எம்.பி.யாக இருக்கும்போது அப்பா இறந்துவிட்டால்?

1963 வரை பதில் ஒன்றுதான்: இடம் காலி, இடைத்தேர்தல். மகன் விரும்புகிறாரா என்று யாரும் கேட்கப்போவதில்லை. அனுப்பிய வாக்காளரையும் கேட்கப்போவதில்லை. இந்த விஷயத்தில் எனக்கு மனம் ஒப்பாத இடம் இதுதான். ஒரு தொகுதி மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதியை எங்கோ ஒரு மாளிகையில் நடந்த மரணம் எடுத்துக்கொண்டு போகிறது.

சில சமயம் அரசே ஆட்டம் கண்டது. 1834-ல் லார்டு ஆல்தோர்ப் நிதியமைச்சர், காமன்ஸ் சபையின் ஆளும் தரப்புத் தலைவர். அந்த நவம்பரில் அவருடைய அப்பா ஸ்பென்சர் ஏர்ல் காலமானார். ஆல்தோர்ப் பிரபுக்கள் சபைக்குப் போக வேண்டியதாயிற்று. பிரதமர் மெல்போர்னின் அமைச்சரவை மீது ஏற்கெனவே அதிருப்தியில் இருந்த நான்காம் வில்லியம் மன்னர் இதைக் காரணம் காட்டி சில நாட்களுக்குள் அந்த அரசையே விலக்கினார்.

ஹார்ட்டிங்டன் 1857 முதல் காமன்ஸில் இருந்தவர், லிபரல் கட்சியை அங்கே தலைமை தாங்கி நடத்தியவர், பிறகு பிரிந்துபோன லிபரல் யூனியனிஸ்டுகளின் தலைவர். 1891 டிசம்பரில் டெவன்ஷயர் டியூக் ஆனார். அவர் விட்டுப்போன ராசென்டேல் தொகுதியில் அடுத்த மாதம் நடந்த இடைத்தேர்தலில் லிபரல் தலைவர் கிளாட்ஸ்டனின் தரப்பு வென்றது.

இன்னொரு விளைவு எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது. 1919 அக்டோபரில் முதல் வைகவுண்ட் ஆஸ்டர் இறந்தார். அவருடைய மகன் வால்டார்ஃப் ஆஸ்டர் பிளிமத் சட்டன் தொகுதி எம்.பி. அவருக்கு இடம் போனது. பிரபுவின் மனைவிக்குத் தடை இல்லையே! அந்த இடைத்தேர்தலில் அவர் மனைவி நான்சி ஆஸ்டர் நின்று வென்றார். காமன்ஸ் சபையில் இருக்கையில் அமர்ந்த முதல் பெண் அவர்தான்.

வாரிசுகளுக்குத் தடை இல்லை என்பது சரி. சலுகையும் இருந்ததா?

இருந்தது, நிறையவே. 1710-ல் வந்த ஒரு சட்டம் எம்.பி. ஆவதற்கு நில வருமானத் தகுதி வைத்தது. மாவட்டத் தொகுதிக்கு ஆண்டுக்கு 600 பவுண்டு, நகரத் தொகுதிக்கு 300 பவுண்டு. பிரபுக்களின் மூத்த மகன்களுக்கு இதிலிருந்து விலக்கு. திறமையும் மக்கள் ஆதரவும் இருந்தும் நிலம் இல்லாத ஒருவர் வெளியே நிற்க, கையில் ஒரு சென்ட் நிலம் இல்லாத ஏர்லின் மகன் உள்ளே போகலாம். 1858-ல்தான் அந்தத் தகுதி முறை ஒழிந்தது.

சட்டத்துக்கு வெளியே இருந்த சலுகை இதைவிடப் பெரிது. பல தொகுதிகள் பிரபுக் குடும்பங்களின் கைக்குள் இருந்தன. லார்டு நார்த்தின் பான்பரி தொகுதியில் வாக்காளர்கள் 18 பேர். நகரசபை உறுப்பினர்கள்தான் அந்தப் பதினெட்டுப் பேரும், அவர்களிடம் நார்த் குடும்பத்தின் சொல் செல்லும். வாரிசு தேர்தலில் நிற்கலாம் என்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அதைத் ‘தேர்தல்’ என்று சொல்ல, 1832-ன் தேர்தல் சீர்திருத்தத்துக்கும் 1872-ன் ரகசிய வாக்குமுறைக்கும் பிறகுதான் பொருள் வருகிறது.

பட்டம் வேண்டாம் என்று மறுக்க யாரும் முயலவில்லையா?

முயன்றார்கள். 1895-ல் வோல்மர் என்ற எம்.பி.யின் அப்பா செல்போர்ன் ஏர்ல் இறந்தார். பிரபுக்கள் சபைக்கு அழைப்பாணை வந்தால்தானே நான் பிரபு, அதை நான் கேட்கவே இல்லையே என்று வாதாடி வோல்மர் காமன்ஸிலேயே உட்கார்ந்தார். சபைக் குழு விசாரித்தது. பட்டம் இறங்கிய கணமே இடம் காலி, அழைப்பாணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்று முடிவாயிற்று.

அவரோடு சேர்ந்து சட்டத்தை மாற்றப் போராடிய இரண்டு வாரிசு நண்பர்களில் ஒருவர் ஜார்ஜ் கர்சன். ஆம், பின்னாளில் வங்கத்தைப் பிரித்த அதே கர்சன். 1898-ல் இந்திய வைஸ்ராயாக நியமனமானபோது அவருக்கு ஒரு பிரபுப் பட்டம் தர வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் பட்டம் வாங்கினால் காமன்ஸ் கதவு மூடிவிடும் என்பதால் அயர்லாந்துப் பட்டம் வாங்கிக்கொண்டார். அயர்லாந்துப் பிரபு வரிசையில் புதிதாகத் தரப்பட்ட கடைசிப் பட்டம் அது. ஆனாலும் அவர் காமன்ஸுக்குத் திரும்பவே இல்லை. 1923-ல் பிரதமர் பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, பிரபுக்கள் சபையில் இருந்தது அவருக்கு எதிரான முக்கியக் காரணங்களில் ஒன்றாயிற்று.

டோனி பென் வழக்கு என்ன?

இந்த வரலாற்றையே திருப்பிப் போட்டது அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டோனி பென்னின் அப்பா வில்லியம் வெட்ஜ்வுட் பென் 1929 முதல் 1931 வரை இந்தியாவுக்கான அமைச்சர். பிரபுக்கள் சபையில் லேபர் கட்சிக்கு ஆள் போதாது என்பதால் 1942-ல் ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட் ஆனார். பட்டம் மூத்த மகன் மைக்கேலுக்குப் போக வேண்டியது. விமானப்படையில் இருந்த மைக்கேல் 1944-ல் போரில் இறந்தார். அப்படித்தான் இரண்டாவது மகன் டோனி, தான் கேட்காமலேயே வாரிசானார்.

1950-ல் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதி அவரை காமன்ஸுக்கு அனுப்பியது. அப்பாவுக்குப் பின் என்ன ஆகும் என்று தெரிந்ததால் 1955-லேயே பட்டத்தைத் துறக்கத் தனக்காக ஒரு சட்டம் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. 1960 நவம்பர் 17-ல் அப்பா காலமானார். பத்தாண்டு எம்.பி.யாக இருந்தவர் அன்றே எம்.பி. இல்லை என்றாகிவிட்டார்.

பென் விடவில்லை. 1961 மே 4-ல் அதே தொகுதி இடைத்தேர்தலில் நின்றார். அவருக்கு 23,275 வாக்குகள், கன்சர்வேடிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேருக்கு 10,231. இரண்டு மடங்குக்கும் மேல்! ஆனால் சபைக்குப் போனபோது வாசலிலேயே நிறுத்தப்பட்டார். வழக்கு தேர்தல் நீதிமன்றம் போனது. பென் பிரபு என்று தெரிந்தே வாக்களித்ததால் அந்த வாக்குகள் வீண், இடம் செயின்ட் கிளேருக்கே என்று ஜூலையில் தீர்ப்பு வந்தது. செயின்ட் கிளேரும் ஒரு பிரபுப் பட்டத்துக்கு அடுத்த வரிசையில் இருந்தவர்தான் என்பது பலருக்குத் தெரியாது. தோற்ற வாரிசு உள்ளே, வென்றவர் வெளியே.

சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரியாக இருக்கலாம். 23,275 பேர் யோசித்துப் போட்ட வாக்கை வீண் என்று எழுத வைக்கிற சட்டம் சரியில்லை. நாடும் அப்படித்தான் நினைத்தது. கன்சர்வேடிவ் அரசே சட்டத் திருத்தத்துக்கு வந்தது. 1963 ஜூலை 31-ல் பிரபுப் பட்டச் சட்டம் ஒப்புதல் பெற்ற அன்று மாலையே பென் பட்டத்தைத் துறந்தார். அப்படித் துறந்த முதல் ஆள் அவர்தான். சட்டம் மாறினால் விலகுவேன் என்று சொல்லியிருந்த செயின்ட் கிளேர் சொன்னபடியே விலகினார். அவரை நான் மதிக்கிறேன். ஆகஸ்ட் 20 இடைத்தேர்தலில் பென் திரும்பினார்.

1963 சட்டப்படி எப்படித் துறப்பது?

பட்டம் வந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் எழுத்து மூலம் துறக்கலாம். அப்போது எம்.பி.யாக இருந்தால் ஒரு மாதம்தான் அவகாசம், அதற்குள் சபையில் உட்காரவோ வாக்களிக்கவோ கூடாது. துறந்தால் துறந்ததுதான், திரும்பப் பெற முடியாது. ஆனால் பட்டம் அழிவதில்லை. துறந்தவர் இறந்த பிறகு அவருடைய வாரிசுக்குப் போகும். 2014-ல் டோனி பென் மறைந்தபின் மூத்த மகன் ஸ்டீபன் ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட் ஆனார், 2021-ல் பிரபுக்கள் சபைக்கும் போனார்.

முதலில் இந்தச் சட்டம் அடுத்த பொதுத்தேர்தலில்தான் அமலுக்கு வருவதாக இருந்தது. பிரபுக்கள் சபைதான் உடனே அமலாக வேண்டும் என்று திருத்தியது. அந்தத் திருத்தத்தின் பலன் சில மாதத்திலேயே தெரிந்தது. அக்டோபரில் பிரதமர் மேக்மில்லன் விலக, அடுத்து வந்தவர் ஹோம் ஏர்ல். முன்பு சொன்ன லார்டு டங்லஸ் இவர்தான். 1951-ல் அப்பா இறந்ததால் காமன்ஸ் இடத்தை இழந்திருந்தார். பிரதமரான பின் அக்டோபர் 23-ல் பட்டத்தைத் துறந்து சர் அலெக் டக்ளஸ்-ஹோம் ஆனார். நவம்பர் 7-ல் கின்ராஸ் மேற்கு பெர்த்ஷயர் இடைத்தேர்தலில் வென்றார். இடையில் இரண்டு வாரம் பிரிட்டனின் பிரதமர் எந்த அவையிலும் உறுப்பினர் இல்லை.

1994-ல் எடின்பரோ மேற்கு எம்.பி. லார்டு ஜேம்ஸ் டக்ளஸ்-ஹாமில்டனுக்கு செல்கர்க் ஏர்ல் பட்டம் இறங்கியது. ஜான் மேஜர் அரசுக்குப் பெரும்பான்மை மிகக் குறைவு. சில நாட்களிலேயே துறந்துவிட்டார்.

இன்றும் துறந்தால்தான் நிற்க முடியுமா?

தேவையில்லை. 1999-ன் பிரபுக்கள் சபைச் சட்டம் 92 பேரைத் தவிர மற்ற பரம்பரைப் பிரபுக்களை அந்த அவையிலிருந்து வெளியேற்றியது. உள்ளே இடம் இல்லாதவருக்கு காமன்ஸ் தடையும் இல்லை என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 1995 முதல் பிரபுக்கள் சபையில் இருந்த வைகவுண்ட் தர்சோ 1999-ல் வெளியேறினார். 2001-ல் பட்டத்தைத் துறக்காமலேயே ஸ்காட்லாந்தின் வட கோடித் தொகுதியில் வென்று காமன்ஸுக்கு வந்தார். மைக்கேல் ஏன்க்ரம் 2004-ல் லோதியன் மார்க்வெஸ் ஆனபோது டிவைசஸ் தொகுதி எம்.பி. அப்பா இறந்தும் அவர் இடம் அசையவில்லை, 2010 வரை இருந்தார். 1891-ல் ஹார்ட்டிங்டனுக்கு இல்லாத வசதி.

இளைய மகன்களுக்குத் தடை உண்டா?

ஸ்காட்லாந்து உட்பட எங்குமே இருந்ததில்லை. அண்ணன் வாரிசில்லாமல் இறந்தால்தான் அவர்களுக்குச் சிக்கல். வின்ஸ்டன் சர்ச்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். டியூக்கின் இளைய மகனுக்குப் பிறந்தவர். ஆனால் 1895 முதல் 1897 வரை மார்ல்பரோ டியூக் பட்டத்துக்கு அடுத்த வரிசையில் அவர்தான் நின்றார். 1897-ல் டியூக்குக்கு ஒரு மகன் பிறந்தான். அந்தக் குழந்தை பிறக்காமல் போயிருந்தால் 1940-ன் காமன்ஸ் சபை வேறு மாதிரி இருந்திருக்கக்கூடும்.

சென்னை மாகாணத்தோடு ஏதாவது தொடர்பு?

உண்டு. 1934 முதல் 1940 வரை சென்னை ஆளுநராக இருந்த எர்ஸ்கின் பிரபு இப்படிப்பட்ட வாரிசுதான். மார் மற்றும் கெல்லி ஏர்லின் மூத்த மகன். ‘லார்டு எர்ஸ்கின்’ என்பது மரியாதைப் பட்டம். இங்கே வருவதற்கு முன் வெஸ்டன்-சூப்பர்-மேர் தொகுதி எம்.பி., திரும்பிப் போனதும் 1940-ல் பிரைட்டன் எம்.பி. 1937-ல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் போல) பதவியேற்றபோது ஆளுநர் இவரே. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையைப் பெரியவர்கள் இன்னும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்பது இவர் பெயரால்தான். 1953-ல், அப்பாவுக்கு முன்பே இறந்துவிட்டதால் ஏர்ல் பட்டம் அவருக்கு வரவே இல்லை.

இன்று ஒரு வாரிசு நிற்க விரும்பினால் என்ன செய்ய வேண்டும்?

மற்ற எல்லோரும் செய்வதைத்தான். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பிரிட்டிஷ் அல்லது அயர்லாந்துக் குடியுரிமை வேண்டும். நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்ற காமன்வெல்த் குடிமகனும் நிற்கலாம், இந்தியரும் இலங்கையரும் இதில் அடங்குவார்கள். தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேரின் கையெழுத்தும் 500 பவுண்டு வைப்புத்தொகையும் கட்டாயம், 5 சதவீத வாக்கு வராவிட்டால் பணம் திரும்பாது. வேட்புமனுவில் அப்பாவின் பட்டத்தைப் பற்றிய கேள்வியே கிடையாது. பரம்பரைப் பிரபுக்களுக்கு மிச்சமிருந்த இடங்களையும் நீக்கும் மசோதா 2024 செப்டம்பரில் காமன்ஸில் கொண்டுவரப்பட்டது. அது பிரபுக்கள் சபை இருக்கைகள் பற்றியது, வாரிசுகளின் தேர்தல் உரிமையை அது தொடவில்லை.